ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி? புதுவையின் பழைய வழக்கு

சென்ற மாதம் அண்ணன் வீட்டுத் திண்ணையில் ஒரு பஞ்சாயத்து. அண்ணனின் பேத்தி ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்பதுதான் வழக்கு. கடன் வாங்கியாவது பெரிய தனியார் பள்ளியில் சேர்க்கவேண்டும் என்கிறான் பிள்ளையின் தகப்பன். அரசுப் பள்ளியே போதும் என்கிறாள் தாய். அங்கும் இப்போது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம்தான், செலவும் இல்லை என்பது அவள் வாதம். அண்ணிக்கு அரசு உதவி பெறும் மிஷன் பள்ளிமேல் பிரியம். "கட்டணமும் கம்மி, கண்டிப்பும் இருக்கும்" என்கிறார்.

"நீ பிரெஞ்சுல படிச்சவன், நீயே சொல்லு" என்று அண்ணன் என் பக்கம் திரும்பினார். அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன். இது எங்கள் வீட்டு வழக்கு மட்டும் அல்ல. இந்த ஊர் 200 வருடமாக இதே வழக்கைப் பேசிக்கொண்டிருக்கிறது.

புதுவையில் அரசுப் பள்ளி என்ற ஏற்பாடு 1826-ல் தொடங்குகிறது. அப்போது ஆளுநராக இருந்தவர் தெபசேன் தெ ரிஷ்மோன். அந்த ஆண்டில் அவர் திறந்த 'கொலேழ் ருவாயால்', அதாவது அரசர் பெயரால் அமைந்த பள்ளி, ஐரோப்பியப் பிள்ளைகளுக்கானது. இன்று கடற்கரைப் பக்கம் இருக்கும் லிசேயின் வேர் அதுதான். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அவர் தனியாக வேறு பள்ளி ஏற்படுத்தினார். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம் என்று ஊரே இரண்டாகக் கிடந்த காலம். பள்ளியும் அப்படியே பிரிந்தது. அன்றைக்கு எந்தப் பள்ளி என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பிறந்த வீடே பள்ளியைத் தீர்மானித்தது.

இரண்டாவது வாசலைத் திறந்தவர்கள் பாதிரிமார்கள். பாரீஸ் வெளிநாட்டு மிஷன் சபையினர் 1844-ல் பெத்திசெமினாரைத் தொடங்கினார்கள். பெயருக்கு அது 'சிறிய குருமடம்'. ஆனால் குருவாகப் போகாத பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாக அங்கே படித்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு, அதற்கும் முன்பே 1827-ல் இங்கு வந்த குளுனி கன்னியர்கள் வழி காட்டினார்கள்.

மூன்றாவது வாசல் நம்மவர் திறந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் கலவை சுப்பராயச் செட்டியாரின் கொடையால் மிஷன் வீதியில் எழுந்த பள்ளி அது. பாதிரிமார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்கிய இந்துக் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். பின்பு அதுவும் அரசின் கைக்கு வந்தது. வெளியூர் நண்பர்கள், "பள்ளிக்கூடத்தை ஏன் கலவைக் கல்லூரி என்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். பிரெஞ்சில் 'கொலேழ்' என்றால் பட்டப்படிப்புக் கல்லூரி அல்ல, பள்ளிதான். இன்றைய பிரான்சில் பதினொன்று முதல் பதினைந்து வயதுவரை பிள்ளைகள் படிக்கும் நடுநிலைப் பள்ளிக்கு அதுதான் பெயர். அந்தச் சொல்லை நாம் கல்லூரி என்று தமிழாக்கி வைத்துக்கொண்டோம்.

ஆக, அரசு நடத்துவது, மிஷன் நடத்துவது, தனியார் கொடையில் எழுந்தது என்ற மூன்று வகையும் 1900-க்கு முன்பே இந்த ஊரில் இருந்தன. திண்ணைப் பஞ்சாயத்துக்கு வேண்டிய சரக்கு அப்போதே தயார்.

பெற்றோர்கள் எதைப் பார்த்து முடிவு செய்தார்கள்? ஆசிரியர், கட்டடம், ஒழுக்கம் என்றெல்லாம் வாயால் சொல்வார்கள். மனதில் இருந்தது ஒரு காகிதம். ஆரம்பப் படிப்பு முடிந்தால் 'செர்த்திபிகா'. அதற்கு மேல் 'பிரெவே'. அதற்கும் மேல் 'பக்கலோரேயா'. பிரெவே கையில் இருந்தால் புதுவையில் குமாஸ்தா வேலை கிடைக்கலாம். அதைவிடப் பெரிய கனவு சைகோன். பிரெஞ்சு இந்தோசீனாவில் சுங்கம், காவல், வரி வசூல், அலுவலக எழுத்து வேலை எதிலும் புதுவை, காரைக்கால் ஆட்கள் இருந்தார்கள். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி பூர்வ வழக்கச் சட்டங்களை விட்டுக்கொடுத்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட 'ரெனோன்சான்' குடும்பங்களுக்கு அங்கே மதிப்பு கூடுதல். எங்கள் அம்மாவின் மூத்த சகோதரர் சைகோனில் சுங்க அலுவலகத்தில் இருந்தவர். விடுமுறையில் அவர் வந்தால் தெருவே எங்கள் வீட்டில் இருக்கும். எங்கள் தெருவில் பிரெஞ்சுப் படிப்புக்கு அவரே நடமாடும் விளம்பரம்.

தமிழ் படித்தவருக்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 'இந்திய மொழி பிரெவே' என்று தனித் தேர்வும் இருந்தது. பாவேந்தர் பாரதிதாசன் பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் தமிழாசிரியராகவே பணி செய்து ஓய்வு பெற்றவர். ஆனால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு ஊர் எல்லைவரைதான். கப்பல் ஏறவேண்டுமானால் பிரெஞ்சு வேண்டும்.

பிறகு 1954 வந்தது. அந்த மே மாதம் 7-ஆம் தேதி தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. அக்டோபர் 18-ல் கீழூரில் வாக்கெடுப்பு. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சைகோன் என்ற வாசலும், புதுவையிலேயே இருந்த பிரெஞ்சு வேலை என்ற வாசலும் ஒரே வருடத்தில் அடைபட்டன.

அப்படியானால் மறுநாளே எல்லாரும் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். அப்படி நடக்கவில்லை. 1956 மே 28-ல் கையெழுத்தான ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. பிரெஞ்சுக் கல்வி நிலையங்களுக்கும் பாதுகாப்பு தந்தது. ஆனால் அந்த ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். இடையில் கிட்டத்தட்ட எட்டு வருடம். ஆட்சி இந்தியாவுடையது, சட்டப்படி மண் பிரான்சுடையது. இந்த எட்டு வருடத்துக்குள் பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்த்த ஒவ்வொரு தகப்பனும் இருட்டில்தான் கை வைத்தார்.

எங்கள் அப்பா அப்படி இரண்டு முறை கை வைத்தார். 1958-ல் அண்ணனின் முறை. அப்பா அவரை ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்தார். எஸ்.எஸ்.எல்.சி. படித்தால் மதராசுக்குப் போகலாம் என்று கணக்கு. 1961-ல் என் முறை. என்னைப் பிரெஞ்சு வழியில் சேர்த்தார். ஏன் இந்த வித்தியாசம் என்று அம்மா கேட்டபோது, "ரெண்டு குதிரை மேலயும் பணம் கட்டியிருக்கேன், எதாவது ஒண்ணு ஜெயிக்கும்" என்று சொன்னாராம். நான் படிப்பில் கெட்டி என்றோ, எனக்குப் பிரெஞ்சில் ஆர்வம் என்றோ காரணம் ஏதும் இல்லை. நான் இரண்டாவது குதிரை.

ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சு முறையில் ஆரம்பப் பள்ளி முடித்தவன் சேரும் வகுப்புக்கு 'சிசியேம்' என்று பெயர். ஆறாவது என்று பொருள். நம் முறையிலும் அதே வயதில் அது ஆறாம் வகுப்புதான். அந்த ஒரு வருடம் மட்டும் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் "நான் ஆறாவது" என்று ஒரே பதில் சொல்லலாம். அடுத்த வருடம் தெருவில் என் நண்பன் ஏழாவதுக்குப் போனான். நான் 'சேன்கியேம்', ஐந்தாவதுக்கு வந்தேன். அவன் எட்டு, நான் நாலு. அவன் ஒன்பது, நான் மூன்று. அம்மாயி பதறிப்போய், "பிள்ளை வருஷா வருஷம் இறங்கிக்கிட்டே வரானே, நல்லாத்தான் படிக்கிறானா?" என்று அப்பாவிடம் கேட்டார். மதிப்பெண்ணும் நூற்றுக்கு இல்லை, இருபதுக்குத்தான். இருபதுக்குப் பன்னிரண்டு வாங்கி நான் பெருமையாக வந்தால், நூற்றுக்குப் பன்னிரண்டு என்று எண்ணி அம்மாயி அழுவார்.

நான் ஐந்தாவதில் இருந்தபோதுதான் பெரியவர்களுக்கும் ஒரு தேர்வு வந்தது. 1962 ஆகஸ்டிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம். எழுதாதவர்கள் இந்தியக் குடிமக்கள். சுமார் 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா எழுதவில்லை. "இங்க பொறந்தேன், இங்கதான் இருக்கப்போறேன், எதுக்கு எழுதணும்?" என்றார். ஆக, நான் இந்தியன், படிப்பு பிரெஞ்சு. தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு சொல்தாவின் மகன் என்னோடு ஒரே வகுப்பில், ஒரே புத்தகத்தைப் படித்தான். அவனுக்கு அந்தப் படிப்பு பாரீசுக்கான பயணச்சீட்டு. எனக்கு அது வெறும் படிப்பு. பள்ளியும் முசியேவும் பாடமும் ஒன்று. வீட்டுக்கு வீடு விளைவு வேறு. இதை நான் புரிந்துகொள்ளப் பல வருடம் ஆயிற்று.

1965-ல் பிரெவே தேறினேன். அதே 1965-ல்தான் புதுவை ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. தமிழ் ஆட்சிமொழி, ஆங்கிலமும் பயன்படுத்தலாம் என்று ஆயிற்று. அதற்கு முந்தின வருடம், பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த மருத்துவக் கல்லூரி ஜிப்மர் ஆகியிருந்தது. அங்கே பாடம் ஆங்கிலத்தில். 1961-ல் தொடங்கிய தாகூர் கலைக் கல்லூரிக்கு அண்ணன் போய்விட்டார். என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து அப்பா ஒன்றும் பேசவில்லை. முதல் குதிரை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது குதிரை லாயத்தில் நின்றது.

என்னைக் காப்பாற்றியது ஓர் அரசு அறிவிப்பு. மெட்ரிகுலேஷன் தகுதி கேட்கும் வேலைகளுக்கு எந்தெந்தத் தேர்வுகள் சமம் என்று மத்திய அரசு ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதில் 'பாண்டிச்சேரியின் பிரெஞ்சுத் தேர்வுகள்' என்ற தலைப்பில் பிரெவே வகைகள் வரிசையாக இருந்தன. டில்லியில் யாரோ ஒரு குமாஸ்தா பொறுமையாக அந்தப் பிரெஞ்சுப் பெயர்களைத் தட்டச்சு செய்திருக்கிறார். அவர் ஒரு வரியை விட்டிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ! ஆங்கிலம் அரைகுறை என்பதால் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்து, விரலோடு சேர்த்து மொழியையும் பழக்கிக்கொண்டேன். பிறகு எழுத்தர் வேலை.

அலுவலகத்தில் முதலில் என் பிரெஞ்சைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான், பிறகு அதற்காக என் மேசைக்கு வந்தார்கள். பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் எல்லாம் பிரெஞ்சில். பழைய நோட்டேர் பத்திரங்களும் அப்படியே. பாட்டனாரின் பிறப்புப் பதிவைத் தேடி, குடியுரிமைக்கோ சொத்துக்கோ வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். அப்பா கட்டிய பந்தயத்துக்குக் கொஞ்சம் பணம் திரும்பிவந்தது என்று சொல்லலாம். பெரிய லாபம் இல்லை, நஷ்டமும் இல்லை.

இதற்குள் ஊரும் மாறிவிட்டது. புதுவை, காரைக்கால் பள்ளிகள் தமிழகப் பாடத்திட்டத்துக்குள் வந்தன. மாஹே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றின. பிரெஞ்சு இருந்த நாற்காலியில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்தது. ஆங்கில வழித் தனியார் பள்ளிகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. கொஞ்சம் வசதி வந்ததும், அரசுப் பள்ளியில் படித்து அரசு வேலைக்கு வந்த என்னைப் போன்றவர்களே பிள்ளைகளைத் தனியாரில் சேர்த்தோம். நானும் சேர்த்தேன், ஒளிக்கவில்லை. வசதி உள்ளவன் வெளியேறிய பள்ளியில், கேள்வி கேட்கும் பெற்றோரும் குறைந்து போனார்கள். அந்தக் குறையில் எங்கள் தலைமுறைக்கும் பங்கு உண்டு.

இப்போது காற்று மறுபடி திரும்புகிறது. 2023-24 கல்வியாண்டில் புதுவை, காரைக்கால் அரசுப் பள்ளிகளின் உயர்வகுப்புகளுக்கும் சி.பி.எஸ்.இ. வந்தது. 2023-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 விழுக்காடு உள்ஒதுக்கீடும் வந்தது. பத்து வருடம் முன்பு அரசுப் பள்ளி என்றால் முகம் சுளித்தவர்கள், இன்று ஒதுக்கீட்டு விதியை எடுத்துப் படிக்கிறார்கள். அன்றைக்குப் பிரெவே, இன்றைக்கு ஒதுக்கீடு. பார்வை இப்போதும் காகிதத்தின் மேல்தான்.

அதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. காகிதத்தால்தான் நான் சோறு தின்றேன். ஆனால் ஒன்று சொல்லலாம். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை வேலைக்குப் போகப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும். அதற்குள் காகிதத்தின் விலை மாறிவிடும். 1950-ல் சைகோனை நம்பிச் சேர்த்தவருக்கு 1954-ல் சைகோன் இல்லை. 1961-ல் ஆட்சிமொழி பிரெஞ்சு என்று நம்பிச் சேர்த்தவருக்கு 1965-ல் அது இல்லை. இன்றைய விதியும் நாளைக்கு ஓர் அரசாணையில் மாறலாம். அரசாணைகளைத் தட்டச்சு செய்தே முதுகு வளைந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

இதுவரை இரண்டு குதிரையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் மூன்றாவது பிள்ளையும் உண்டு. என் தங்கை. அன்று திண்ணையில் நாங்கள் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது அவளும் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டு அங்கேதான் இருந்தாள். பேச்சு ஓய்ந்த நேரம் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணே, என்னை எந்தப் பள்ளியில போடறதுன்னு இந்தத் திண்ணையில ஒரு நாளாவது பேசினீங்களா? பக்கத்துத் தெருவுல இருந்துச்சு, போட்டாங்க. அங்க எனக்கு நல்ல டீச்சர் கிடைச்சாங்க."

உண்மை. 1964-ல் அவளை ஆறாம் வகுப்பில் சேர்த்தது யாருக்கும் ஒரு நிகழ்ச்சியாகவே நினைவில்லை. தமிழ் வழி அரசுப் பள்ளி. நடந்து போகும் தூரம். அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர் மாலையில் இருட்டும்வரை உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். எஸ்.எஸ்.எல்.சி.யில் எங்கள் இருவரையும்விட நல்ல மதிப்பெண் வாங்கியவள் அவள்தான். அண்ணன் ஒப்புக்கொள்வார், நானும் ஒப்புக்கொள்கிறேன்.

'அப்படியானால் எந்தப் பள்ளியானாலும் ஒன்றுதான்' என்று இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அது பொய்யாகிவிடும். ஏனென்றால் தங்கை அதற்குமேல் படிக்கவில்லை. அவள் பள்ளி முடித்தது 1970. புதுவையில் பாரதிதாசன் மகளிர் கல்லூரி தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. டீச்சர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் கேட்டுப் பார்த்தார். "பார்க்கலாம்" என்றார் அப்பா. மறுவருடம் கல்யாணம். அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அப்போது எனக்கு இருபது வயது. கல்லூரி விண்ணப்பம் வாங்கிவர சைக்கிளில் கால் மணி நேரம். நானும் போகவில்லை.

பள்ளியைப் பேசித் தேர்ந்தெடுக்காததால் தங்கையின் படிப்பு கெடவில்லை. படிப்பு நின்றபோது அவளுக்காகப் பேச ஆள் இல்லாததால்தான் கெட்டது. ஆறாம் வகுப்பில் எந்த வாசல் என்று மூன்று நாள் சண்டை போடும் நாம், பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் பிள்ளையோடு நிற்கிறோமா என்பதுதான் பெரிய கேள்வி.

அண்ணன் கேட்டதற்கு என் பதில் இதுதான். மூன்று பள்ளிக்கும் ஒரு முறை நேரில் போங்கள். ஆறாம் வகுப்பின் கணக்கு ஆசிரியர் யார் என்று கேளுங்கள். அவர் அடுத்த வருடமும் இருப்பாரா என்றும் கேளுங்கள். பிள்ளை நடந்தோ சைக்கிளிலோ போகமுடியுமா என்று பாருங்கள். ஒதுக்கீட்டு விதியை யாரோ சொன்னார்கள் என்று நம்பாமல் அரசாணையை ஒரு முறை முழுக்கப் படியுங்கள். கட்டணத்துக்காகக் கடன் வாங்காதீர்கள். அந்தப் பணம் பதினெட்டு வயதில் தேவைப்படும், அப்போது "பார்க்கலாம்" என்று சொல்ல வேண்டி வரக்கூடாது.

இதை எழுதுமுன் தங்கையிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "பாப்பாவைக் கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. நாளைக்குப் போய்க் கேட்கவேண்டும்.